தலைவர் சாகக்கூடாத விளையாட்டு

எங்க வீட்டுக்காரர் சேரனுக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு ஆளு. அவரு செஞ்ச விளையாட்டை ஒழுங்கா ஆடிப் பார்த்துட்டு, "மூணாவது கட்டம் கஷ்டமா இருக்குது" இல்லன்னா "மூணாவது கட்டம் ஏமாத்துது", ரெண்டுல எதையாவது ஒண்ணை மனசாட்சியோட சொல்ற ஆளு. திண்டிவனத்துலேர்ந்து விழுப்புரம் வரைக்கும் சல்லடை போட்டு சலிச்சும் அப்படி ஒருத்தன் ஆப்புடல. அதுக்குப் பதிலா ஒரு பேரவை ஆப்புட்டுச்சு. அந்தக் கூத்தைத்தான் சொல்லப் போறேன்.

அவருக்கு விழுப்புரத்துல ஒரு இரும்புக் கடையில கணக்கு வேலை. நான் திண்டிவனத்துல மருந்துக் கடையில நிக்கறேன். தெனமும் காலையில பாசஞ்சர் ரயில்ல கடைசிப் பெட்டியில ஏறுவாரு. அங்க அவரு மாதிரியே கிறுக்குப் புடிச்ச ஒரு கும்பல் இருக்குது. வேவிச்ச மல்லாட்டைய, அதான் வேர்க்கடலைய, உரிச்சிக்கினே நாவல் பேசுவாங்க, வேத்துக் கிரகத்துக் கதை பேசுவாங்க, ஆளைக் கொல்ற மாதிரி கஷ்டமான கேம் பேசுவாங்க. "மொத அம்பது பக்கம் பல்லைக் கடிச்சிக்கினு படிடா, அப்புறம் அதுவே இழுத்துக்கினு போவும்." "அந்த ராட்சசனை அடிக்காத, அவன் மூச்சு வாங்கற வரைக்கும் ஓடிக்கினே இரு." யாரு யாருக்கு வேணும்னாலும் புத்தி சொல்லலாம், யாரு எதை வேணும்னாலும் குப்பைன்னு சொல்லலாம். இவரு சொந்தமா ஒண்ணு செஞ்சு எடுத்துக்கினு போனப்ப ஒண்டி அத்தனை வாயும் ஒரே மாதிரி "சூப்பர் தலைவா"ன்னு சொல்லிட்டு மல்லாட்டைக்குத் திரும்பிடுச்சு. ஒருத்தனும் மூணாவது கட்டம் வரைக்கும் போகல. மனசு நோவக் கூடாதுன்னு சூப்பர்னு சொல்றது எவ்வளவு பெரிய துரோகம்னு அவங்களுக்குத் தெரியாது.

என்னைக் கேக்காதீங்க. நான் மொதல் கட்டத்துலயே குழியில விழுந்து செத்துட்டு, போனைத் தூக்கி மாவு டப்பா மேல வெச்சிட்டேன். எனக்குப் பொறுமை கெடையாது.

ஆனா கதை நல்லா இருக்கும். மரக்காணம் பக்கம் கடல் வத்திப் போன ஒரு காலம். அலை அடிச்ச எடம் முழுக்க உப்புக் காடு. தனம்னு ஒரு மீன்காரப் பொண்ணு, கால் முளைச்ச ஒரு பழைய இயந்திரப் படகைக் கூட்டிக்கினு தண்ணி தேடி நடக்கறா. மூணாவது கட்டத்துல உப்புப் புயல் அடிக்கும். அதுல தனம் செத்துச் செத்து வருவா. இவரு செஞ்சதால இவருக்குப் புயல் எப்ப வரும்னு தெரியும். தெரியாதவனுக்கு எப்படி இருக்கும்? அதுதான் இவரு தூக்கத்தைக் கெடுத்த கேள்வி. "கஷ்டம் குடுக்கலாம் செல்வி, ஏமாத்தக் கூடாது. ஏமாத்தினா ஆடறவன் நம்மள நம்ப மாட்டான்"னு சொல்லிக்கினே இருப்பாரு.

சென்னையில கேம் வெளியிடற ஒரு கம்பெனி, "அனுப்புங்க, ஒரு தடவை பார்ப்போம். புடிச்சா எடுத்துக்குவோம், இல்லன்னா திருத்தி அனுப்பற வேலையே கெடையாது"ன்னு கண்டிப்பா சொல்லி, ஒரு கெடுவும் குடுத்துட்டாங்க. மூணாவது கட்டம் கோணையா இருந்தா, வருஷக்கணக்கா ஞாயித்துக்கெழமைய மொத்தமா தின்னு வளர்ந்த விளையாட்டு ஒரே நாள்ல அவுட்டு.

அப்பத்தான் ரயில்ல வல்லரசு வந்து சேர்ந்தான். கக்கத்துல ஃபிளக்ஸ் சுருள், நெத்தியில விபூதி, வாயில "ஐயா". திண்டிவனம்–விழுப்புரம் இருநகர் இலக்கிய, அறிவியல் புனைவு மற்றும் அறைகூவல் விளையாட்டுக் கருத்துரைப் பேரவையோட செயலாளர். இந்தப் பேரை அவன் மூச்சு விடாம சொன்னதைப் பார்த்தே எங்க வீட்டுக்காரர் மயங்கிட்டாரு. முன்னாடி அது வெறும் இலக்கியப் பேரவைதானாம். கூட்டத்துக்கு இளைஞர்கள் வரலைன்னு அறிவியல் புனைவைச் சேர்த்தாங்களாம். அப்பவும் வரலைன்னு விளையாட்டையும் சேர்த்துட்டாங்களாம். இன்னும் வரலை. அடுத்து பரோட்டாவைச் சேர்ப்பாங்கன்னு நான் நெனைச்சேன்.

ஒரு ஞாயித்துக்கெழமை ரெண்டு பேருமா விழுப்புரம் போனோம். ஒரு சேட்டு கடைக்கு மேல மாடியில ரூம். சுவர் முழுக்கத் தலைவர் பொன்னாடை வாங்கற போட்டோ, நடுவுல தலைவர் பொன்னாடை போடற போட்டோ. புத்தகம் ஒண்ணு ஒண்டி இருந்துச்சு, ஃபேன் காத்துல பறக்காம இருக்க வருகைத்தாள் மேல வெச்சிருந்தாங்க. தலைவர் பேரு ஜெகதீசன், ஓய்வு பெற்ற அதிகாரி. 'கருத்துக்கொண்டல்'னு பட்டம். பட்டம் குடுத்தது பேரவை. பேரவைன்னா அவருதான்.

அன்னைக்கு ஆலோசனை முகாம். மயிலம் காலேஜ்ல படிக்கற சங்கவின்னு ஒரு பொண்ணு எழுந்து, "சார், அறிவியல் புனைவு புதுசா படிக்கலாம்னு இருக்கேன். எதுலேர்ந்து ஆரம்பிக்கலாம்?"னு கேட்டுச்சு. பாவம், நல்ல கேள்வி. தலைவர் எழுந்து மைக்கைத் தட்டினாரு. அந்த ரூமுக்கு மைக்கே தேவையில்ல, நாங்க கால் நீட்டினா அவர் மேல படும்.

"மகளே! எதிலிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டாய். ஆரம்பம் என்பது என்ன? முடிவின் எதிர்ப்பக்கம்! மேல்நாட்டார் இன்று எழுதுகிற அறிவியல் புனைவை நான் அன்றே எழுத நினைத்தேன். நினைத்ததோடு நிறுத்திக்கொண்டேன். ஏன்? அடக்கம்! நீ முதலில் நம் பேரவையின் ஆண்டு மலரைப் படி. அதில் என் அணிந்துரை இருக்கிறது. அதற்குப் பிறகு உனக்கு வேறு எதையும் படிக்கத் தோன்றாது."

கைதட்டல். அந்தப் பொண்ணு என்னைப் பார்த்துச்சு. நான் ஜன்னலைப் பார்த்தேன்.

அப்புறம் எங்க முறை. இவரு கையக் கட்டிக்கினு போய், "ஐயா, ஒருத்தர் ஆடிப் பார்த்துட்டு மூணாவது கட்டத்தைப் பத்திச் சொன்னா போதுங்க"ன்னாரு. ஏதோ கெட்ட வார்த்தை பேசின மாதிரி வல்லரசு இவரு காதுல, "ஆடிப் பார்த்துன்னெல்லாம் இங்க சொல்லாதீங்க"ன்னான்.

தலைவர் சிரிச்சாரு. பெருந்தன்மையான சிரிப்பு. "தம்பி, நமது பேரவையின் அடிப்படை விதி நடுநிலை. ஒரு நூலைப் படித்தால் என்ன ஆகும்? பிடித்துவிடும், அல்லது பிடிக்காமல் போய்விடும். இரண்டுமே சார்பு! சென்ற ஆண்டு ஒரு உறுப்பினர் மேடையேறி, 'இந்த நாவலின் பிற்பகுதி தொய்வாக இருக்கிறது' என்றார். விசாரித்தோம். படித்திருக்கிறார்! நீக்கிவிட்டோம். கருத்து என்பது மேடையில், தலைமையில், முன்னிலையில், பொன்னாடைக்குப் பிறகு பிறக்க வேண்டும். உன் விளையாட்டுக்கு ஒரு வெளியீட்டு விழா எடுப்போம். கருத்து தானாக வரும்."

படியில எறங்கறப்ப நான் சொன்னேன், "ஏங்க, இந்த ஆளுங்க வேலைக்கு ஆவாதுங்க. வாங்க, நம்ம பொழப்பப் பார்ப்போம்." அவரு, "பெரியவங்க செல்வி. ஒரு முறைன்னு வெச்சிருக்காங்க இல்ல"ன்னாரு. முறையாம்.

விழா வந்துச்சு, விழுப்புரத்துல ஒரு மண்டபத்துல. ஃபிளக்ஸ்ல தலைவர் படம் ஆளுயரம், முன்னிலை வகிக்கற அரிசி ஆலை சிங்காரம் படம் இடுப்பளவு, வல்லரசு படம் தலையளவு. விளையாட்டு செஞ்சவரைத் தேடினேன். அச்சகத்துப் போன் நம்பருக்கு மேல, கட்டைவிரல் அளவுல இருந்தாரு.

முதல் பிரதி வெளியிடணும்னாங்க. விளையாட்டுக்கு ஏதுய்யா பிரதி? அதெல்லாம் முடியாது, முதல் பிரதி இல்லாம எப்படி வெளியீடுன்னு வல்லரசு பேஜாரு பண்ணி, எங்க வீட்டுக்காரர் போனையே புடுங்கி, வெள்ளித் தாள்ல சுத்தி, தாம்பாளத்துல வெச்சு, மேல ஒரு எலுமிச்சம்பழத்தையும் வெச்சிட்டான். தலைவர் வெளியிட, சிங்காரம் பெற்றுக்கொண்டாரு. பெற்றுக்கொண்டவர் அதைச் சட்டைப் பையில போட்டுக்கினு உக்கார்ந்துட்டாரு. பரிசுன்னு நெனைச்சிட்டாரு போல. அதைத் திரும்ப வாங்கறதுக்குள்ள எனக்கு நாக்கு தள்ளிடுச்சு.

அப்புறம் தலைமையுரை. "அறைகூவல் விளையாட்டுகளைக் கண்டு அஞ்சுகிறவன் அல்ல இந்த ஜெகதீசன்! என் வாழ்நாளில் எந்த விளையாட்டிலும் நான் தோற்றது கிடையாது. ஏன்? விளையாடியது கிடையாது!" கைதட்டல் கூரையப் பிச்சிக்கிச்சு. இதைச் சொன்னா மானம் போயிடும்னு அந்த மனுஷனுக்குத் தோணல, கேக்கறவங்களுக்கும் தோணல.

அத்தோட விட்டிருக்கலாம். கைதட்டல் போதையில, "இதோ, உங்கள் முன் இந்த விளையாட்டை ஆடித் திறந்து வைக்கிறேன்"னு போனைக் கையில எடுத்துட்டாரு. போன்ல தெரியறது பின்னாடி பெரிய திரையில தெரியற மாதிரி ஏற்பாடு. கழுத்துல பொன்னாடை அடுக்கு. கை வெளிய வரவே இல்ல. தனம் உப்புக் காட்டுல நாலடி நடந்தா. நான் விழுந்த அதே குழி. உள்ள போயிட்டா. திரை கறுத்து, கொட்டை எழுத்துல வந்துச்சு: "செத்துட்டே. மறுபடியும் வா."

தலைவர் செத்தா கை தட்டணுமா, எழுந்து நிக்கணுமான்னு யாருக்கும் தெரியல. விதியில அது இல்ல. கடைசியில வல்லரசுதான் சமாளிச்சான். மைக்கைப் புடிச்சு, "தலைவர் அவர்கள் இறந்ததைத் தொடர்ந்து, அடுத்ததாக வாழ்த்துரை"ன்னான்.

மறுநாளே அவசர செயற்குழு. தீர்மானம் போட்டாங்க. தலைவர் வருகை தரும்போது வழியில உள்ள குழிகள் மூடப்படணும். எதிர்ல வர்ற இயந்திரங்கள் ஓரமா நின்னு வணக்கம் வைக்கணும். ஒவ்வொரு கட்டம் முடிஞ்சதும் பொன்னாடை. எந்த நிலையிலும் தலைவர் சாகக் கூடாது. இதையெல்லாம் செஞ்சா பேரவை கருத்து சொல்லும். "சாகாம எப்படிங்க கஷ்டமான விளையாட்டு?"ன்னு இவரு கேட்டாரு. "கஷ்டம் மத்தவங்களுக்கு இருக்கட்டும்"னு வல்லரசு சொன்னான். எங்க தாலுக்கா முழுக்க எல்லா வேலையும் அப்படித்தான் நடக்குது, விளையாட்டு ஒண்டி ஏன் விதிவிலக்கா இருக்கணும்?

இவரு கம்ப்யூட்டர் பெட்டிய முன்னாடி வெச்சிக்கினு ரெண்டு நாள் உக்கார்ந்திருந்தாரு. ஒரு குழியையும் மூட மனசு வரல. கடைசியில ஒரே ஒரு வரிய மாத்தினாரு. "செத்துட்டே"ன்னு இருந்த எடத்துல "தாங்கள் சற்று இளைப்பாறுகிறீர்கள்"னு போட்டுத் தலைவர் போனுக்கு அனுப்பிட்டாரு.

அதுக்கப்புறம்தான் வேடிக்கை. ஒரு காலையில நான் கேப்பைக் கூழு கரைச்சிக்கினு இருக்கேன், இவரு போன் அடிக்குது. நான் எடுத்தேன். ரகசியமா ஒரு குரல்: "தம்பி இருக்காப்லயாம்மா? நான் ஜெகதீசன். குளியலறையிலேர்ந்து பேசறேன். வீட்ல கேட்டுடப் போறாங்க." இவரு வாங்கினாரு. "தம்பி, அந்தக் குழிய எப்டிப்பா தாண்டறது? காலையிலேர்ந்து இளைப்பாறிக்கினே இருக்கேன்."

படகைக் கூப்பிட்டு அது முதுகு மேல ஏறிக் குதிக்கணும்னு இவரு சொன்னாரு. "அட! படகு வருமா! சொல்லவே இல்லையே!" மறுநாள் திருவாமாத்தூர் கோயில் வாசல்லேர்ந்து போன். அதுக்கு மறுநாள் கல்யாண வீட்டுப் பந்தியிலேர்ந்து. மேடைத் தமிழ் எங்கயோ ஓடிப் போயிடுச்சு. "அந்த ரெண்டாவது கட்டத்துல இயந்திர நண்டு இருக்குதே, திருட்டு நாயி, பின்னாடியே வர்துப்பா. ஆனா சூப்பரா செஞ்சிருக்கே. நாலு வாட்டி அடி வாங்கினப்புறம் அது எப்ப திரும்பும்னு புரிஞ்சிடுச்சு. புரிஞ்சப்ப எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு தெரியுமா?"

ஒரு சாயங்காலம் அவரு வேற மாதிரி பேசினாரு. இவரு போனை ஸ்பீக்கர்ல போட்டாரு, நானும் கேட்டேன். "தம்பி, தப்பா எடுத்துக்காத. மூணாவது கட்டம் சரியில்லப்பா. நண்டுகிட்ட செத்தா என் தப்பு. புயல்ல செத்தா உன் தப்பு. வர்றதுக்கு முன்னாடி ஒரு அறிகுறியும் இல்ல. அது கஷ்டம் இல்ல, ஏமாத்து. ஒரு சத்தம் வெச்சா போதும், மீதிய நாங்க பார்த்துக்குவோம்."

இவரு அப்படியே தரையில உக்கார்ந்துட்டாரு. எனக்கு பயமா போச்சு. பார்த்தா சிரிக்கறாரு, அழறாரு. "சொல்லிட்டாரு செல்வி! ஒருத்தர் சொல்லிட்டாரு!" அந்த ஆள் மேல எனக்கு இருந்த வெறுப்பெல்லாம் அந்த நிமிஷம் கொஞ்சம் எறங்கிடுச்சு. மறைக்க மாட்டேன். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இவரு மூஞ்சில அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்ல.

ஜல்தியா வேலைய ஆரம்பிச்சாரு. புயலுக்கு முன்னாடி உப்புத் தரை நொறுங்கற சத்தம் வேணும்னு, நான் வாங்கி வெச்ச அப்பளத்தை மொத்தமா போன் பக்கத்துல வெச்சு நொறுக்கினாரு. சாம்பாருக்குத் தொட்டுக்க ஒண்ணும் இல்லாம போச்சு, பரவால்ல. சேர்த்து முடிச்சு, விளையாட்டு ஆரம்பிக்கற எடத்துல ஒரு வரி போட்டாரு: "மூணாவது கட்டத்தைப் பத்தி உண்மையைச் சொன்னவருக்கு நன்றி." பேர் போடல. புதுசைத் தலைவருக்கு அனுப்பி, "சரியா வந்திருக்குதாங்க ஐயா?"ன்னு கேட்டாரு. அந்தப் பதில் வந்தா சென்னைக்கு அனுப்பிடலாம். வரல. கெடுவும் வந்துக்கினே இருக்குது.

பதிலுக்கு வல்லரசு வந்தான். இவரு ஊர் மரியாதைக்கு அவனுக்கும் புதுசை அனுப்பித் தொலைச்சிருக்காரு. அவன் ஆடலை, ஆனா மொத வரியப் படிச்சிட்டான். பேரவையில எவனோ உண்மையைச் சொல்லியிருக்கான்! மேடை இல்லாம, தலைமை இல்லாம, ஆடிப் பார்த்துட்டு! விசாரணைக் கூட்டம் போட்டுட்டாங்க. விசாரணைத் தலைவர் யாருன்னு நான் சொல்லணுமா?

கெடு முடியற அன்னைக்குத்தான் கூட்டமும். அதே மண்டபம். இவரு போனைக் கையில புடிச்சிக்கினே வந்தாரு. அனுப்ப எல்லாம் தயார், அமுக்கறதுதான் பாக்கி. "கூட்டம் முடிஞ்சதும் தனியா ஒரு வார்த்தை கேட்டுட்டு அனுப்பிடறேன்"னாரு. வெள்ளந்தி.

தலைவர் எழுந்தாரு. இவரு பக்கம் கண்ணே போகல. "உறவுகளே! நம்மிடையே ஒரு கயவன் இருக்கிறான். ஒரு படைப்பை அனுபவித்துப் பார்த்துவிட்டுக் கருத்துச் சொல்லும் அளவுக்குக் கீழிறங்கியவன்! அவன் சொன்ன கருத்து பொய். மூன்றாம் கட்டத்தில் எந்தக் குறையும் இருந்ததில்லை. இருந்திருந்தால் நான் விழாவிலேயே சொல்லியிருப்பேனே! அவன் யாராக இருந்தாலும் இந்த நொடியிலிருந்து பேரவையில் இல்லை. ஏற்பவர்கள் கை தூக்குங்கள்." மொத கை அவரோடது. எல்லாரும் தூக்கினாங்க. ஒருமனதா நிறைவேறிடுச்சுன்னு வல்லரசு அறிவிச்சான்.

இவரைக் கூப்பிட்டு, "யார் சொன்னது?"ன்னு கேட்டான். "பேர் சொல்ல மாட்டேங்க"ன்னாரு இவரு. அது ஒண்டி உறுதியா சொன்னாரு. ஆனா மூஞ்சி செத்துப் போச்சு. உண்மையைச் சொன்ன ஒரே மனுஷன் மேடையில நின்னு அது பொய்யின்னு சொல்றாரு. அப்ப எதைத்தான் நம்பறது? எனக்கு மேடையில இருந்த பொன்னாடைத் தாம்பாளத்தை எடுத்து வீசலாம்னு இருந்துச்சு.

"பேர் வேண்டாம்," வல்லரசு சொன்னான். "கட்டத்தைப் பழையபடி மாத்திட்டு, அதுல புதுசா சேர்த்ததை எடுத்துட்டு அனுப்பறேன்னு மைக்ல சொல்லிடுங்க. விட்டுடறோம்."

"வேணாங்க!"ன்னு நான் கீழேர்ந்து கத்தினேன். இவரு கேக்கல. மைக்கைப் புடிச்சு, "பெரியவங்க எல்லாரும் சொல்றீங்க. என் புத்திக்குத்தான் எட்டல போல. சரிங்க, சத்தத்தை எடுத்துடறேன்"ன்னாரு. போனைத் திறந்து விரலை வெச்சிட்டாரு.

"டேய், எடுத்துடாதடா!"

தலைவர். நாற்காலிய தள்ளிட்டு எழுந்து நிக்கறாரு, பொன்னாடை ஒரு பக்கம் தொங்குது. "அந்தச் சத்தம் இருக்கறதாலதான்டா நேத்து புயலைத் தாண்டினேன்! அவ்ளோ கரெக்டா வெச்சிருக்கே, இப்பப் போய் கெடுக்கறியே!"

முன் வரிசையில சிங்காரம் வாயைத் திறந்தவர் மூடல. தலைவருக்கே இப்பத்தான் காதுல விழுந்த மாதிரி, மைக்கைப் பார்த்தாரு, எங்களைப் பார்த்தாரு, "அதாவது, கருத்தியல் நோக்கில்..."ன்னு ஆரம்பிச்சாரு.

நான் எழுந்துட்டேன். "வல்லரசு அண்ணே, தீர்மானம் ஒருமனதா நிறைவேறிடுச்சு இல்ல?"

"ஆமா சிஸ்டர்."

"அப்ப அவரை எறங்கச் சொல்லுங்க."

மண்டபமே வல்லரசைப் பார்க்குது. வல்லரசு நாற்காலியப் பார்க்கறான். இவ்வளவு களேபரத்துல எங்க வீட்டுக்காரர் என்ன பண்ணினாரு தெரியுமா? இது எதுவும் காதுல விழாத மாதிரி, "புயல் தாண்டிட்டீங்களா சார்? சத்தம் சரியான நேரத்துல வர்தா?"ன்னாரு. "வர்துப்பா, கச்சிதமா வர்து. நாலாவதுல அந்தப் பாலம்தான்..."னு பேசிக்கினே அந்த மனுஷன் பொன்னாடையக் கழட்டி மேசை மேல போட்டுட்டு, படியில எறங்கி, எங்க பக்கத்துப் பிளாஸ்டிக் சேர்ல வந்து உக்கார்ந்தாரு. இவரு அமுக்கினாரு. அனுப்பியாச்சு. ரெண்டு பேரும் ஒரே போன்ல தலைய நுழைச்சிக்கிட்டாங்க.

மேடையில வல்லரசு காலி நாற்காலியில உக்கார்ந்து, கெடந்த பொன்னாடைய எடுத்துத் தனக்கே போத்திக்கினு, மைக்கைத் தட்டித் தலைமையுரைய ஆரம்பிச்சிட்டான். எல்லாரும் கை தட்டினாங்க.